போன திருநாள் களிசான்

(பாடசாலையின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



இந்த ஒலிவாங்கியை எனக்காக அரை அடி இறக்கியதை எல்லோரும் பார்த்தீர்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிரிப்பும் கேட்டது. அது யாருடைய சிரிப்பு என்று எனக்குத் தெரியும். விடுதியில் பக்கத்துக் கட்டிலில் ஏழு வருடம் கேட்ட சிரிப்பு அது. காலைக் கூட்டத்துக்கு உயர ஒழுங்கில் வரிசை நிற்கும்போது எங்கள் வகுப்பில் முதலாவதாக நின்றவள் நான். பரீட்சையில் முதலாம் இடம் பலமுறை கைமாறியது. வரிசையில் அந்த இடத்துக்கு மட்டும் எனக்குப் போட்டி வந்ததில்லை.

என்னைத் தெரியாத தங்கைமாருக்காகச் சொல்கிறேன். நான் உச்சமுனையில் பிறந்தவள். கற்பிட்டியில் இறங்கி, பிறகு படகில் போகவேண்டிய தீவு. ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் பெருங்கடல். நடுவில் மணலும் வாடிகளும் ஒரு கோயிலும். அங்கிருந்து ட்ரங்குப் பெட்டியோடு இந்த விடுதிக்கு வந்தேன். இன்று ஓர் அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் டொக்டராக இருக்கிறேன். இடையில் நடந்ததில் பெரும்பங்கு இந்த மண்டபத்துக்கும் இதிலிருந்த ஆசிரியைகளுக்கும் உரியது.

குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு பெண்களின் ஆரோக்கியம். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே நம் வட்சப் குழுவில் என் இலக்கம் போன நாளிலிருந்து என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ரொறன்ரோவிலிருந்து வரும், மெல்பேர்ணிலிருந்து வரும், வத்தளையிலிருந்தும் வரும். கேள்வி ஒன்றுதான். “அக்கா, மகனுக்கு வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. வகுப்பிலேயே அவன்தான் கட்டை. ஏதாவது செய்யலாமா?” பின்னாலேயே இன்னொரு வரி வரும். “மாமி கேட்கிறா, பிள்ளைக்கு ஒழுங்காகச் சாப்பாடு குடுக்கிறியா என்று.”

அந்த இரண்டாவது வரியில்தான் அந்தத் தாயின் நித்திரை போயிருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது என்னைப் பார்த்தவர்கள் “சின்னப் பெட்டை, அடக்கமாக இருக்கிறாள்” என்றார்கள். அதே அளவில் ஓர் ஆண்பிள்ளை இருந்தால் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள்.

இதைப் பற்றிப் பேசும்போது நான் விட்ட ஒரு பிழையையும் சொல்லவேண்டும். அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்வது சரியில்லை. சம்பந்தப்பட்ட தாயிடம் கேட்டு, அவள் சொல்லச் சொன்ன பிறகே சொல்கிறேன்.

2022 ஆகஸ்ட் மாதம். அந்த வருடம் நாடு இருந்த நிலையை நான் விளக்கத் தேவையில்லை. எரிபொருளுக்கு வரிசை. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. பால்மா வாங்கும் விலையில் இல்லை. தலவில அன்னம்மாள் கோயில் வளவுக்குப் போயிருந்தேன். தீவுச் சனத்தை ஒரே இடத்தில் காண எனக்கு அந்த மரநிழல்தான் வசதி. அங்கே அவள் என்னைத் தேடி வந்தாள். அவளும் இந்தப் பாடசாலைதான். ஒரே படகில், ஒரே நாளில், ஒரே மாதிரியான ட்ரங்குப் பெட்டியோடு வந்தவர்கள் நாங்கள். சாதாரணதரப் பரீட்சை முடிந்த கையோடு தகப்பனுக்குச் சுகமில்லை என்று அவள் வீட்டுக்குத் திரும்பினாள். நான் தொடர்ந்து படித்தேன்.

அவளுடைய மகனுக்கு அப்போது எட்டு வயது. “இவனைக் கொஞ்சம் பாரேன்டி. இவனோடு பிறந்த பிள்ளைகள் எல்லாம் இவனைவிட ஒரு சாண் வளர்ந்துவிட்டார்கள்” என்றாள். நான் பார்த்தேன். தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றான். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: “தகப்பனைப் பார், உன்னைப் பார். எங்கிருந்து ஆறடி வரும்? அதோடு இந்த வருடம் எந்த வீட்டில் பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள்? வளருவான், விடு.” அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் முகம் தெளிந்தது. மெழுகுதிரி கொளுத்தப் போய்விட்டாள்.

அதே மாதம் என் வீட்டிலும் இதே பிரச்சினை. என் மகனுக்குப் பதின்மூன்றரை வயது, உயரம் 141 சென்ரிமீற்றர். பதினைந்து வயதுக்குட்பட்ட கிரிக்கெட் அணித் தெரிவுக்குப் போனவன் திரும்பி வந்து சோறு தின்னாமல் படுத்துவிட்டான். யாரோ அவனைப் பார்த்து, “தம்பி, சின்னப் பிள்ளைகளுக்கு அடுத்த கிழமை” என்று சொல்லியிருக்கிறார்கள். ஊரார் பிள்ளைக்கு அரை நிமிடம் கொடுத்த நான், என் பிள்ளைக்கு என்ன செய்தேன் தெரியுமா? லீவு போட்டு, பிள்ளை வைத்திய நிபுணரிடம் கூட்டிப்போனேன். இரத்தப் பரிசோதனை, கை எக்ஸ்ரே, எல்லாம் ஒரே கிழமையில்.

அந்த நிபுணர் அறிக்கைகளைத் தொடவேயில்லை. “போன வருடம் இவன் எவ்வளவு உயரம் இருந்தான்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நீலநிறச் சுகாதாரப் பதிவேட்டில் ஐந்து வயதுவரை ஒவ்வொரு புள்ளியும் ஒழுங்காக இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் வைத்த புள்ளிகள். அதன்பிறகு வெள்ளைத் தாள். தவணைத் தேர்ச்சி அறிக்கைகள் எல்லாம் என் அலுமாரியில் கோப்பில் இருக்கின்றன. கணிதத்துக்கு எந்தத் தவணையில் எத்தனை புள்ளி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

காப்பாற்றியது என் அம்மா. ஏப்ரல் லீவுக்கும் நத்தாருக்கும் உச்சமுனைக்குப் போகும்போதெல்லாம் பேரப்பிள்ளைகளைக் கதவு நிலையோடு நிறுத்தி, நீலப் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுவது அவவின் வழக்கம். வேடிக்கைக்காகச் செய்தது. தம்பியைத் தொலைபேசியில் பிடித்து, அளவுநாடாவால் அளந்து சொல்லச் சொன்னேன். ஒரு வருடம் 5 சென்ரிமீற்றர், அடுத்த வருடம் 5, அதற்கடுத்தது ஐந்தரை. நிபுணர் அதைக் கேட்டுவிட்டுத்தான் எக்ஸ்ரேயைப் பார்த்தார். கை எலும்பின் வயது பதினொன்று. தகப்பன் எப்போது வளர்ந்தார் என்று கேட்டார். என் மாமியைக் கேட்டோம். “அவன் ஏ லெவல் படிக்கேக்கதான் நீண்டவன்” என்றா. “இவனுடைய கடிகாரம் பிந்தி ஓடுகிறது. ஆனால் நிற்காமல் ஓடுகிறது. ஆறு மாதத்துக்கொருமுறை அளந்துகொண்டு வாருங்கள்” என்று நிபுணர் அனுப்பிவிட்டார். மருந்து எதுவும் எழுதவில்லை.

2023 ஆகஸ்ட். அதே வளவு, அதே மரநிழல். அவள் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு களிசானை எடுத்து என் மடியில் வைத்தாள். “இது போன திருநாளுக்கு எடுத்தது. வளருவான் என்று நீளமாகவே எடுத்து, உள்ளே மடித்துத் தைத்தேன். இன்றைக்கும் அந்த மடிப்பை அவிழ்க்கவில்லை.” குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியவேண்டிய ஒன்று என்று நினைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

நான் ஒரு வருடத்துக்கு முன் கேட்டிருக்கவேண்டிய கேள்விகளை அன்றுதான் கேட்டேன். வயிறு எப்படிப் போகிறது? மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை. இரவில்? புத்தளத்து வெயிற்காலத்திலும் போர்த்துக்கொண்டு படுக்கிறான். விளையாட்டு? முன்பு மணலில் ஓடித் திரிந்தவன், இப்போது ஓர் இடத்தில் இருப்பான். பாடசாலையில்? ரீச்சர்மார், “தங்கமான பிள்ளை, ஒரு சத்தமில்லை” என்கிறார்கள். முதலாம் தரத்தில் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் எழுதிய உயரத்தை அவள் ஞாபகமாகக் குறித்து வைத்திருந்தாள்: ஆறு வயதில் 113 சென்ரிமீற்றர். சுவரோடு நிறுத்தி அளந்தோம். ஒன்பது வயதில் 118. மூன்று வருடத்தில் ஐந்து சென்ரிமீற்றர். குறைந்தது பதினைந்து வளர்ந்திருக்கவேண்டும்.

இரத்தப் பரிசோதனையில் விடை வந்தது. தைரொயிட் சுரப்பி ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்திருந்தது. நம் பகுதியில் உப்பளங்களைத் தெரியாதவர்கள் இல்லை. 1995 முதல் உணவுக்கு விற்கும் உப்பில் அயடீன் சேர்க்கவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். அதனால் அயடீன் குறைவால் வரும் கழலை வெகுவாகக் குறைந்துவிட்டது. இவனுக்கு வந்தது வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட் சுரப்பியைத் தாக்கும் ஒரு நோய். உப்பை மாற்றியோ சாப்பாட்டைக் கூட்டியோ இதைத் தீர்க்கமுடியாது. தீர்வு, காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறிய மாத்திரை. விலையும் பெரிதல்ல.

மாத்திரை தொடங்கிய முதல் வருடத்தில் அவன் 9 சென்ரிமீற்றர் வளர்ந்தான். இரண்டாம் தவணையில் ரீச்சர் தாயைக் கூப்பிட்டு, “பிள்ளை கெட்டுப்போகிறான், வகுப்பில் வாய் மூடுவதில்லை” என்று முறையிட்டாராம். இந்த நோய்க்கு மருந்து தொடங்கினால் அடங்கிக் கிடந்த பிள்ளை துடியாட்டமாவது நாங்கள் எதிர்பார்ப்பதுதான். அந்த முறைப்பாட்டைக் கேட்டு அவளும் நானும் தொலைபேசியில் சிரித்தோம், பிறகு இரண்டு பேருமே அழுதோம்.

மருந்து தொடங்கினால் இழந்த வளர்ச்சியில் பெரும்பங்கு திரும்பி வரும். ஆனால் எவ்வளவு பிந்துகிறோமோ அவ்வளவுக்குச் சிறு பங்கு திரும்பாமலே போகலாம். நான் தொலைத்த அந்த ஒரு வருடத்தின் கணக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்று அவன் வளர்ந்து முடித்த பிறகும் யாராலும் சொல்லமுடியாது. அவள் என்னை ஒரு சொல் குறைகூறவில்லை. “நீ சொன்னபடியால்தான் ஒரு வருடம் நிம்மதியாக இருந்தேன்” என்றாள். நன்றியாகச் சொன்னது. எனக்கு அது வேறு மாதிரி விழுந்தது.

இந்த இரண்டு பையன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளர்ச்சி வரைபடத்தில் வைத்தால் இரண்டு பேரும் அவரவர் வயதுக்குரிய கீழ்க்கோட்டுக்குக் கீழேதான் நின்றார்கள், ஏறத்தாழ ஒரே தூரத்தில். ஒருவனுக்கு ஒன்றுமேயில்லை. மற்றவனுக்கு மருந்து அவசரமாகத் தேவை. அன்றைய உயரத்தை மட்டும் வைத்து அதைப் பிரித்தறிய எந்த டொக்டராலும் முடியாது. ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்தான் என்பதுதான் பிரித்துக் காட்டியது. ஒருவனுக்கு அதைச் சொன்னது கதவு நிலை, மற்றவனுக்குக் களிசான். இன்று நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக நான் தருவது இந்த ஒரு செய்திதான். “எவ்வளவு உயரம்?” என்பதோடு நிற்காதீர்கள்; “போன வருடத்திலிருந்து எவ்வளவு?” என்று கேளுங்கள்.

இதைத் தொடங்கி வைத்தவர் ஒரு தகப்பன். மொன்பெயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1759இல் பிறந்த தம் மகனை 1777 வரை, ஏறக்குறைய ஆறு மாதத்துக்கொருமுறை அளந்து எழுதிவைத்தார். இயற்கை அறிஞர் புஃபோன் அதைத் தம் நூலில் வெளியிட்டார். ஒரு பிள்ளை பிறந்தது முதல் வளர்ந்து முடிக்கும்வரை அளந்த மிகப் பழைய பதிவாக மருத்துவ உலகம் அதைத்தான் சொல்கிறது. என் அம்மா அவரைக் கேள்விப்பட்டதில்லை. செய்தது அதே வேலை.

வளர்ச்சியின் வேகம் எல்லா வயதிலும் ஒன்றல்ல. முதல் வருடத்தில் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர். இரண்டாம் வருடத்தில் 12. மூன்றாவதில் 8 அளவில். அதன்பிறகு பருவமடையும்வரை வருடத்துக்கு ஐந்து, ஆறு. பிறகு ஒரு பாய்ச்சல். பெண்பிள்ளைகள் அந்தப் பாய்ச்சலை ஆண்பிள்ளைகளைவிட இரண்டு வருடம் முந்தித் தொடங்குவார்கள். ஏழாம் எட்டாம் தரத்தில் கலவன் பாடசாலைகளில் பெடியன்கள் எல்லாம் சின்னவர்களாகத் தெரிவது அதனால்தான். ஆண்பிள்ளைகளில் சிலர் ஒன்பது பத்து வயதிலேயே பருவமடையத் தொடங்குவார்கள், சிலர் பதின்மூன்று தாண்டித்தான். ஒரே வகுப்பில் பதின்மூன்று வயதுப் பையன்கள் இரண்டு பேரை நிறுத்தினால் அண்ணனும் தம்பியும் போலத் தெரிவார்கள். இரண்டு பேருமே சரியாக இருக்கலாம்.

பெற்றோரின் உயரமும் கணக்கில் வரும். மகனென்றால் தகப்பன் உயரத்தையும் தாய் உயரத்தையும் கூட்டி, அதோடு 13 சென்ரிமீற்றர் சேர்த்து, இரண்டால் வகுக்கவேண்டும். மகளென்றால் 13ஐக் கழித்து வகுக்கவேண்டும். என் கணவர் 168, நான் 152. மகனுக்கு வருவது 166, 167. அதற்கு மேலேயோ கீழேயோ எட்டு சென்ரிமீற்றருக்குள் பெரும்பாலும் நிற்பான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் “ஏன் என் மகன் ஆறடி இல்லை?” என்ற கேள்விக்கு அடுப்படியிலேயே பதில் கிடைத்துவிடும்.

ஆனால் இதே பரம்பரைக் கதை ஆபத்தானதும்கூட. “நாங்கள் கட்டையான சனம்” என்று சொல்லியே பல பிள்ளைகளின் பசியை மறைத்துவிடுகிறோம். 1997க்கும் 2003க்கும் இடையில் உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 பிள்ளைகளை அளந்தது. நல்ல சாப்பாடு, தாய்ப்பால், சுத்தமான வீடு உள்ள குடும்பங்களின் பிள்ளைகள். ஐந்து வயதுவரை டெல்லிப் பிள்ளையும் ஒஸ்லோப் பிள்ளையும் ஏறத்தாழ ஒரேமாதிரித்தான் வளர்ந்தார்கள். 2006இல் வெளியான வளர்ச்சி வரைபடங்கள் அதிலிருந்து வந்தவை. நம் நாட்டில் 2016இல் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட. அவர்கள் எல்லோருக்கும் கட்டையான பரம்பரை என்று சொல்லமுடியுமா?

தீவிலும் இதைக் காண்கிறேன். வலை நிறைய மீன் வரும். பெரியது லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போகும். பிள்ளைக்கு மிஞ்சுவது சோறும் சொதியும். காலையில் பிளேன்ரீயும் பிஸ்கட்டும். அந்தப் பிஸ்கட் காசுக்கு ஒரு முட்டை வாங்கலாம். விலை போகாத நெத்தலியையும் சூடையையும் பிள்ளையின் கோப்பையில் போடலாம். நெத்தலியை முள்ளோடு தின்னலாம். எலும்பு வளரத் தேவையானது அதில் இருக்கிறது. முருங்கையிலைக்கு யாரும் காசு கேட்பதில்லை. கர்ப்பகாலம் தொடங்கிப் பிள்ளைக்கு இரண்டு வயதாகும்வரை உள்ள காலத்தில் சாப்பாட்டுக்குச் செலவழிக்கும் காசு, பிறகு எந்த டின்மாவுக்குச் செலவழிக்கும் காசைவிடவும் பலன் தரும்.

என் பிழையின் வேரும் இங்கேதான் இருக்கிறது. சாப்பாடு போதாத பிள்ளைக்கு முதலில் நிறை குறையும், அதற்குப் பிறகுதான் உயரம் தங்கும். பிள்ளை மெலிந்து, கட்டையாக இருக்கும். ஹோர்மோன் குறைவென்றால் உயரம் நின்றுவிடும், நிறை நிற்காது. கன்னம் உப்பி, கட்டையாக இருக்கும். 2022இல் அந்த மரநிழலில் நின்ற பிள்ளைகளில் கன்னம் உப்பியிருந்தவன் அவன் ஒருவன்தான். அதைக் கண்ணால் கண்டுகொண்டே, பஞ்சத்தைக் காரணம் சொன்னேன்.

இனி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். செருப்பைக் கழற்றி, குதிக்கால், பின்புறம், முதுகு மூன்றும் சுவரில் படப் பிள்ளையை நிறுத்துங்கள். பார்வை நேரே இருக்கட்டும். கெட்டியான புத்தகமொன்றைச் சுவரோடு செங்கோணமாகத் தலையில் அழுத்தி, கீழ்விளிம்பில் கோடு போடுங்கள். நிலத்திலிருந்து அளந்து, திகதியோடு எழுதுங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை போதும், எப்போதும் காலையிலேயே. பகல் முழுக்க ஓடித் திரிந்த பிள்ளை மாலையில் ஒரு சென்ரிமீற்றர்வரை குறைந்திருக்கும். கிழமைக்குக் கிழமை அளக்காதீர்கள், பிள்ளைக்குப் பயம் பிடித்துவிடும்.

நாலு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறைவாக வளர்ந்தால் காட்டுங்கள். வரைபடத்தில் ஒரு கோட்டோடு வந்த பிள்ளை கீழே உள்ள கோட்டைக் கடந்தால் காட்டுங்கள். பெற்றோரின் கணக்குக்கு மிகக் கீழே நின்றாலும் அப்படியே. ஓயாத மலச்சிக்கல், நீடித்த வயிற்றோட்டம், வெளிறல், சோர்வு, காலைத் தலையிடியும் வாந்தியும், பார்வைக் குறைவு, அளவுமீறிய தாகம் இவற்றில் ஏதாவது கட்டையோடு சேர்ந்து வந்தால் தாமதிக்கவேண்டாம். பதினாலு வயதாகியும் பருவ மாற்றம் எதுவும் தொடங்காத ஆண்பிள்ளையையும், பதின்மூன்றாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காத பெண்பிள்ளையையும் கட்டாயம் காட்டவேண்டும்.

பெண்பிள்ளை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். நாம் பெண்கள் பாடசாலையில் படித்தவர்கள். ரேர்ணர் நோய் என்று ஒன்று, ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பெண்பிள்ளைகளில் ஒருத்திக்கு வருவது. கட்டையாக இருப்பதே அதன் முதல் அடையாளம். அந்தப் பிள்ளைகள் பலர் நேரம் பிந்தித்தான் எங்களிடம் வருகிறார்கள். மகன் கட்டையென்றால் ஓடிவரும் குடும்பம், மகள் கட்டையென்றால் “சின்ன மாப்பிள்ளை பார்ப்போம்” என்று இருந்துவிடுகிறது. சுவரில் மகனுக்குக் கோடு போடும்போது மகளுக்கும் போடுங்கள்.

உயரமாக்கும் மாவு, எண்ணெய், தொங்குகம்பி, இணையத்தில் விற்கும் குளிசை எதுவும் வேண்டாம். குடும்பம் சரியாகச் சாப்பிட்டால் மாவு ஒரு சென்ரிமீற்றரும் கூட்டாது. சோற்றுப் பசியைத்தான் கெடுக்கும். “மெஸ்ஸிக்கு ஊசி போட்டார்களாமே?” என்று பலர் கேட்கிறார்கள். உண்மைதான். அவருக்குச் சிறுவயதில் வளர்ச்சி ஹோர்மோன் குறைவு இருப்பதாகக் கண்டுபிடித்து, ஊசி மருந்து கொடுத்தார்கள். அது அரிதான நோய். சோதித்து, அந்தக் குறைவோ அதற்கு ஒப்பான காரணமோ இருக்கிறதென்று நிபுணர் சொன்னாலன்றி அந்த ஊசி நம் பிள்ளைக்குத் தேவையில்லை.

பிள்ளைக்கும் ஒரு பங்கு கதை சொல்லவேண்டியிருக்கிறது. என் மகனுக்கு 1996 உலகக் கிண்ண ஆட்டங்களின் பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். ஆட்டத்தைத் தொடங்கிய களுவிதாரணவை, ஆறரை அடி உயரமான வர்ணனையாளர் ரோனி கிரெய்க், “லிட்டில் களு” என்று வாய்நிறையச் சொல்லிக் கொண்டாடுவார். மகன் பார்த்துவிட்டு, “அது அவர் அடிச்சபடியால் கொண்டாடினவர். என்னை அடிக்கவே விடேல்லையே” என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கட்டையன், சுண்டெலி என்று நாம் செல்லமாக வைக்கும் பெயர்களும் அவனுக்கு அப்படித்தான் கேட்கும் என்று அன்று விளங்கியது. வீட்டில் அந்தப் பெயர்களை நிறுத்தினோம். நீங்களும் நிறுத்துங்கள். கட்டையான பிள்ளையை வயதுக்குக் குறைந்தவனாக நடத்தாதீர்கள். பதின்மூன்று வயதுக்காரனுக்குப் பதின்மூன்று வயதுக்குரிய பொறுப்பைக் கொடுங்கள். இப்போது அவனுக்குப் பதினாறு தாண்டிவிட்டது, 161 சென்ரிமீற்றர். வீட்டில் மேல்தட்டில் இருக்கும் சீனிப் போத்தலை எனக்கு எடுத்துத் தருகிறவன் அவன்தான்.

கடைசியாக, சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகச் செய்யக்கூடிய பல பெரிய வேலைகள் பற்றிக் குழு யோசிப்பதை அறிவேன். அவற்றோடு ஒரு சிறிய வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கற்பிட்டிக்கு அப்பால் உள்ள தீவுப் பாடசாலைகளுக்கு உயரம் அளக்கும் பலகை ஒவ்வொன்று வாங்கிக் கொடுப்போம். நிபுணர் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. ஜனவரியிலும் ஜூலையிலும் ஆசிரியை ஒருவர் அளந்து, பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதினால் போதும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரங்களில் நடக்கிறது. இடையில் உள்ள மூன்று மூன்று வருடங்களில்தான் என் தோழியின் மகன் வளராமல் நின்றான். அந்த இடைவெளிக்கு ஒரு பலகையும் ஒரு கொப்பியும் போதும்.

போன ஆகஸ்டில் அவளைக் கண்டேன். பையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. “களிசான் எங்கே?” என்று கேட்டேன். “அது தம்பிக்குப் போய்விட்டது” என்றாள். பிறகு அந்தப் பெரியவனைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேரின் தலையையும் பார்த்துவிட்டு, “உன்னைப் பிடிக்க இன்னும் கொஞ்சம்தான்டி” என்றாள்.